தண்டு சுற்றுகிறது, சக்கரம் ஏன் சுற்றவில்லை?

மகாராஷ்டிர மாநிலத்தில் புனே நகரம் இருக்கிறது. அங்கிருந்து அகல்யாநகர் போகும் சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போனால் ரஞ்சன்காவ் வரும். (அகல்யாநகருக்கு 2024 வரை அகமத்நகர் என்று பெயர்.) ரஞ்சன்காவில் மகாகணபதி கோயில் உண்டு. மராட்டிய மக்கள் வரிசையாகப் போய்க் கும்பிடும் எட்டுப் பிள்ளையார் கோயில்களில் அதுவும் ஒன்று.

அந்த ஊரில் பெரிய தொழிற்பேட்டையும் இருக்கிறது. அங்கே கார் செய்கிறார்கள். ஃபிரிட்ஜ் செய்கிறார்கள். வாஷிங் மெஷின் செய்கிறார்கள். அங்குள்ள ஃபியட் ஆலையில் 2017-இல் ஜீப் காம்பஸ் என்ற காரைச் செய்யத் தொடங்கினார்கள். பல மாநிலத்து மக்கள் பிழைப்புக்காக அங்கே வந்து வாடகை வீடுகளில் குடியிருக்கிறார்கள்.

அப்படி ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். அப்பா ஃபிட்டர் வேலை செய்கிறார். அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். மகள் எட்டாம் வகுப்பு. திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து தாத்தா வந்திருக்கிறார். அவர் முப்பது வருடம் மாட்டுவண்டி ஓட்டியவர்.

மறுநாள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மகள் ஒரு குட்டி ரோபோ வண்டி செய்திருக்கிறாள். ரோபோ என்றதும் சினிமாவில் வரும் இரும்பு மனிதன் நினைவுக்கு வரலாம். இது அப்படி இல்லை. சாப்பாட்டு டப்பா அளவுதான். பின்னால் இரண்டு மோட்டார், இரண்டு சக்கரம். முன்னால் தாங்குவதற்கு ஒரு சிறு உருளை. மேலே பேட்டரி. பொத்தானை அழுத்தினால் நேராகப் போக வேண்டும்.

அது நேராகப் போகவில்லை. வட்டம் அடித்தது.

"பேட்டரி தீர்ந்து போச்சுப்பா" என்றாள் மகள். கடைக்கு ஓடிப் புது பேட்டரி வாங்கி வந்தாள். அப்போதும் வட்டம்தான்.

தாத்தா சொன்ன வைத்தியம்

தாத்தா வண்டியைக் கையில் எடுத்தார். இடப்பக்கச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். அது தண்டில் லொடலொட என்று ஆடியது. இழுத்தால் கையோடு வந்துவிட்டது.

"கடையாணி இல்லாம வண்டி ஓட்டினா இப்படித்தான் கண்ணு. ஒரு கடையாணி போடு."

மாட்டுவண்டி பார்த்தவர்களுக்குக் கடையாணி தெரியும். வண்டிச் சக்கரத்தின் நடுவில் குடம் இருக்கும். குடத்துக்குள் இருசு நுழைந்திருக்கும். இருசின் முனையில் ஒரு துளை. அந்தத் துளையில் ஓர் ஆணி. அந்த ஆணி இருக்கும்வரை சக்கரம் வெளியே வராது. விழுந்துவிட்டால் சக்கரம் ஒரு பக்கம் போகும், வண்டி ஒரு பக்கம் சாயும்.

மகள் தாத்தா சொன்னபடி செய்தாள. மோட்டார் தண்டின் முனையில் ஊசி போல ஒரு சின்னத் துளை இருந்தது. அதில் ஒரு சின்ன ஸ்குருவை முடுக்கினாள். சக்கரத்தை இழுத்துப் பார்த்தாள். இப்போது அது கழன்று வரவில்லை.

வண்டியைக் கீழே வைத்துப் பொத்தானை அழுத்தினாள். மறுபடியும் வட்டம்!

தாத்தாவுக்கே ஆச்சரியம். குனிந்து பார்த்தார். உள்ளே தண்டு சுற்றுகிறது. சக்கரம் அசையாமல் நிற்கிறது.

இரண்டு வேலை

அப்பா வேலை முடிந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். சிரித்தார்.

"நீங்க சொன்னது வண்டிக்குச் சரிப்பா. வண்டியில இருசு சுத்துமா?"

"இருசு எங்கடா சுத்தும்? சக்கரம்தான் சுத்தும்."

"வண்டிய யாரு இழுக்கறது?"

"மாடு."

"இந்த வண்டிக்கு மாடு எங்கே?"

தாத்தா கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்தத் தண்டுதான் மாடு" என்றார்.

தாத்தா சரியாகப் பிடித்துவிட்டார். மாட்டுவண்டியில் இருசு சும்மா இருக்கிறது. சக்கரம் அதன்மேல் தன்பாட்டில் உருள்கிறது. அங்கே ஒரே ஒரு கவலைதான். சக்கரம் வெளியே கழன்று வரக்கூடாது. அதற்குக் கடையாணி போதும்.

மோட்டார் வண்டியில் தண்டு சுற்றுகிறது. அந்தத் தண்டுதான் சக்கரத்தைச் சுற்ற வைக்க வேண்டும். ஆகவே இங்கே இரண்டு வேலை. சக்கரம் வெளியே கழலக்கூடாது. தண்டின்மேல் வழுக்கவும் கூடாது. மகள் போட்ட ஸ்குரு முதல் வேலையை மட்டும் செய்தது.

ஒரு சக்கரம் வழுக்கினால் வண்டி ஏன் வட்டம் அடிக்கிறது? வலது சக்கரம் முன்னால் போகிறது. இடது சக்கரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதனால் வண்டி இடப்பக்கம் திரும்புகிறது. திரும்பிக்கொண்டே இருக்கிறது. செக்கு மாடு மாதிரிதான். இதற்குப் பேட்டரி என்ன செய்யும், பாவம்! பேட்டரிக்குக் கொடுத்த காசு வீண்.

திருப்புளியை வைத்து ஒரு பந்தயம்

சக்கரம் தண்டில் ஏன் இவ்வளவு சுலபமாக வழுக்குகிறது? உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு திருப்புளி எடுங்கள். ஒருவர் அதன் தடித்த கைப்பிடியைப் பிடிக்கட்டும். இன்னொருவர் மெல்லிய கம்பியைப் பிடிக்கட்டும். இருவரும் எதிர் எதிர்ப் பக்கம் திருகுங்கள். யார் ஜெயிப்பார்? கைப்பிடியைப் பிடித்தவர்தான். கம்பியைப் பிடித்தவர் பயில்வானாக இருந்தாலும் கம்பி அவர் கைக்குள் வழுக்கும்.

சக்கரத்தின் கதையும் இதுதான். தரை, சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கிறது. மோட்டார், மெல்லிய தண்டைப் பிடிக்கிறது. தரைக்குக் கைப்பிடி கிடைத்துவிட்டது. மோட்டாருக்குக் கம்பிதான் மிச்சம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மகளின் வண்டிச் சக்கரத்தின் குறுக்களவு 65 மில்லிமீட்டர். தண்டின் குறுக்களவு சுமார் 5.5 மில்லிமீட்டர். 65-ஐ 5.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12 வரும். சக்கரத்தின் விளிம்பைத் தரை ஒரு கிலோ பலத்தோடு தடுத்தால், தண்டு சக்கரத்தை 12 கிலோ பலத்தோடு பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழுக்கும். சின்ன பொம்மை மோட்டார்களில் தண்டு 2 மில்லிமீட்டர்தான். அதில் இதே சக்கரத்தை மாட்டினால் 32 மடங்குக்கு மேல் பிடி வேண்டும். பெரிய சக்கரம் போட்டால் வேகமாகப் போகும் என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். சக்கரம் பெரிதாகப் பெரிதாக, பிடியும் கூட வேண்டும். அதை மறந்துவிடுகிறார்கள்.

வீட்டிலேயே இருக்கிறது பாடம்

"அப்போ உருண்டைத் தண்டுல எப்படிப்பா பிடிக்க வைக்கறது?" என்று கேட்டாள் மகள்.

அப்பா அவளை வாசலுக்குக் கூட்டிப்போனார். அங்கே அவருடைய பழைய சைக்கிள் நின்றது. பெடல் கட்டையும் அச்சும் சேரும் இடத்தைக் காட்டினார். அங்கே குறுக்காக ஒரு ஆணி போயிருந்தது. அதன் பெயர் காட்டர் பின். அந்த ஆணியின் ஒரு பக்கம் பட்டையாகச் சீவியிருக்கும். அச்சிலும் அதே இடத்தில் பட்டையாக ஒரு வெட்டு இருக்கும். பட்டையும் பட்டையும் ஒட்டி உட்கார்ந்தால் வழுக்க வழியே இல்லை. காட்டர் பின் தேய்ந்தால் என்ன ஆகும் என்று சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மிதிக்கும் காலடியில் டக், டக் என்று தட்டும்.

வீட்டுக்குள் மேசை விசிறி இருந்தது. அப்பா மின்சாரப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இறக்கையைக் கழற்றினார். தண்டின் குறுக்கே ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. இறக்கையின் பின்பக்கம் அதற்கு ஏற்ற பள்ளம் இருந்தது. கம்பி பள்ளத்தில் உட்கார்ந்தால் இறக்கை வழுக்காது. முன்னால் முடுக்கும் குமிழ் இறக்கை வெளியே வராமல் பார்த்துக்கொள்ளும். இரண்டு வேலைக்கு இரண்டு ஏற்பாடு.

அந்தக் குமிழில் இன்னொரு விசேஷம் உண்டு. சாதாரண மூடியை நாம் இடப்பக்கம் திருகிக் கழற்றுவோம். இதை வலப்பக்கம் திருகினால்தான் கழலும். விசிறி சுற்றும்போது குமிழ் தானாகவே இறுக வேண்டும் என்பதற்காக மரையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். சைக்கிளின் இடது பெடலிலும் இதே திருப்பு மரைதான்.

அடுப்படியில் இருந்து அம்மா குரல் கொடுத்தார். "மிக்ஸியில கப்ளர் உடைஞ்சு மாத்தினோமே, ஞாபகம் இருக்கா? கடைக்காரரும் அதை வலப்பக்கம்தான் திருகிக் கழட்டினார். நான் பார்த்தேன்."

அம்மா பார்த்தது சரி. மிக்ஸி மோட்டாரின் தண்டு முனையில் பல் பல்லாக ஒரு சின்னக் கப்ளர் இருக்கும். ஜாருக்கு அடியில் அதற்கு ஜோடி இருக்கும். ஜாருக்குள் ஏதாவது கெட்டியாகச் சிக்கிக்கொண்டால் பெரும்பாலும் முதலில் கப்ளர்தான் தேயும் அல்லது உடையும். அது நல்லதுதான். கப்ளர் கொஞ்சக் காசு. மோட்டார் கருகினால் செலவு பெரிது.

கிணற்று மோட்டாரில் புல்லியை மாட்டுவதற்கு வேறு வழி. தண்டில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். புல்லியின் துளையிலும் ஒரு பள்ளம். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சதுர இரும்புத் துண்டைச் செருகுவார்கள். அதற்குக் கீ என்று பெயர். சாவி என்றும் சொல்வார்கள். பாதி தண்டிலும் பாதி புல்லியிலும் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே சுற்றும்.

ரஞ்சன்காவில் உருளும் காரில் என்ன? அங்கே சுற்றும் தண்டின் முனையில் வரிசையாகப் பற்கள் இருக்கும். அது போய் உட்காரும் குடத்திலும் அதே கணக்கில் பற்கள். வழுக்காமல் இருக்கப் பற்கள். கழலாமல் இருக்க முனையில் ஒரு பெரிய நட்டு. அந்தக் குடத்தின்மேல்தான் சக்கரத்தை நான்கைந்து போல்ட் வைத்து முடுக்குகிறார்கள்.

ஆணியும் இல்லாமல், சாவியும் இல்லாமல்

இன்னொரு வழியும் இருக்கிறது. அது தாத்தாவுக்கு நன்றாகத் தெரிந்த வழி.

வண்டிச் சக்கரத்துக்கு வெளியே இரும்புப் பட்டை போடுவார்கள் அல்லவா? பட்டையைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறிதாகச் செய்வார்கள். பிறகு வறட்டியை அடுக்கித் தீ மூட்டுவார்கள். பட்டை சிவக்கச் சூடாகும். சூட்டில் இரும்பு விரியும். விரிந்த பட்டையைக் குறடுகளால் தூக்கிச் சக்கரத்தில் மாட்டுவார்கள். உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். புஸ் என்று ஆவி கிளம்பும். இரும்பு சுருங்கும். மரத்தைக் கவ்வும். "அப்ப கேக்கணுமே, மரமெல்லாம் நெறிபடுற சத்தம்!" என்றார் தாத்தா. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே ஊர்ப் பிள்ளைகள் கூடுவார்களாம்.

துளை சிறிது, நுழைவது பெரிது. இதுதான் இந்த வழியின் ரகசியம். ரயில் சக்கரத்தையும் இப்படித்தான் பொருத்துகிறார்கள். பெங்களூரு எலகங்காவில் ரயில் சக்கரத் தொழிற்சாலை இருக்கிறது. 1984-இல் தொடங்கியது. சக்கரத்தின் துளை, அச்சைவிட ஒரு மயிரிழை சிறிதாக இருக்கும். பெரிய அழுத்தும் இயந்திரத்தால் அச்சைத் துளைக்குள் நெருக்கித் தள்ளுவார்கள். நட்டு கிடையாது. கீ கிடையாது. அந்த நெருக்கப் பிடியை நம்பித்தான் நாம் எல்லோரும் ரயிலில் தூங்கிக்கொண்டு போகிறோம்.

பொம்மை மோட்டாரின் 2 மில்லிமீட்டர் தண்டில் பிளாஸ்டிக் சக்கரத்தை மாட்டுவதும் இதே முறைதான். ஆனால் பிளாஸ்டிக் இரும்பு இல்லை. ரொம்ப நெருக்கினால் வெடிக்கும். நாள் ஆக ஆகத் தளரும். சக்கரத்தைச் சற்று நேரம் வெந்நீரில் போட்டு எடுத்துத் துடைத்துவிட்டுத் தள்ளினால் சுலபமாக நுழையும். ஆறியதும் பிடித்துக்கொள்ளும். வெந்நீரைப் பெரியவர்கள் கையாளட்டும்.

மகள் செய்த இரண்டு தப்பு

"சக்கரத்தோட துளையைக் காட்டு" என்றார் அப்பா.

மகள் வைத்திருந்தது மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பெட்டி மோட்டார். பள்ளிப் பிள்ளைகள் ரோபோ செய்ய அதிகம் வாங்குவது இதைத்தான். பெட்டிக்குள் குட்டி மோட்டார் ஒன்று படுவேகமாகச் சுற்றும். பல் சக்கரங்கள் அந்த வேகத்தை 48-இல் ஒரு பங்காகக் குறைக்கும். வேகம் குறையும்போது பலம் கூடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு முழு வட்டம் இல்லை. இரு பக்கமும் பட்டையாகச் சீவியிருக்கும். சக்கரத்தின் துளையும் அதே வடிவம். காட்டர் பின்னின் பட்டை என்ன செய்கிறதோ, அதையே இந்தப் பட்டைகளும் செய்கின்றன.

வலது சக்கரத்தின் துளை அப்படித்தான் இருந்தது. இடது சக்கரத்தின் துளை நல்ல வட்டமாக இருந்தது.

"இது எப்படி வட்டமாச்சு?"

மகள் தலையைக் குனிந்தாள். "நுழையவே இல்லப்பா. அதான் கம்பியைச் சூடு பண்ணித் துளையைப் பெருசாக்கினேன்."

சக்கரம் சுலபமாக நுழைந்துவிட்டது. பிடியும் போய்விட்டது.

அதற்கு முந்தைய தப்பும் வெளியே வந்தது. முதலில் வாங்கிய மோட்டாரில் சக்கரத்தைச் சுத்தியலால் அடித்து ஏற்றியிருக்கிறாள். உள்ளே பல் சக்கரம் உடைந்துவிட்டது. உண்டியல் காசில் இன்னொரு மோட்டார் வாங்கியிருக்கிறாள். அதையும் கெடுத்துவிடுவோமோ என்று பயந்துதான் கம்பியைச் சூடு பண்ணினாள். அப்பா திட்டவில்லை. "தொழிற்சாலையில் நாங்களும் உடைச்சுத்தான் கத்துக்கிட்டோம்" என்றார்.

சுத்தியலால் அடித்தால் ஏன் கெடுகிறது? அடியின் வேகம் தண்டு வழியாக உள்ளே போகிறது. அங்கே இருப்பதெல்லாம் அரிசி அளவுப் பற்கள். அவற்றால் தாங்க முடியாது. இந்த மஞ்சள் மோட்டாரில் தண்டு இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு முனையை மரப் பலகையில் ஊன்றி, மறு முனையில் சக்கரத்தை வைத்துக் கட்டை விரலால் நேராக அழுத்த வேண்டும். அப்போது அழுத்தம் தண்டோடு போய்ப் பலகையில் இறங்கிவிடும். பற்களுக்கு ஒன்றும் ஆகாது.

இரவோடு இரவாக

கண்காட்சி மறுநாள் காலை. கடை மூடிவிட்டது. புதுச் சக்கரம் கிடைக்காது. வட்டமாகிப் போன துளையை என்ன செய்வது?

அப்பா எம்-சீல் வாங்கி வைத்திருந்தார். குழாய் ஒழுகினால் அடைப்போமே, அதுதான். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிசைய வேண்டும். பிசைந்தால் கொஞ்ச நேரத்தில் கல்லாக இறுகும்.

முதலில் தண்டையும் துளையையும் துணியால் எண்ணெய் போகத் துடைத்தார்கள். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தார்கள். வழவழப்பாக இருந்தால் எந்தப் பசையும் நிற்காது. பிறகு பிசைந்த எம்-சீலைத் துளையில் அடைத்து, தண்டை நேராக நுழைத்தார்கள். தண்டின் பட்டைகளைச் சுற்றி அது இறுகும்போது துளை மறுபடி பட்டை வடிவம் ஆகிவிடும். பசை ஒட்டுவதைவிட இந்த வடிவம்தான் முக்கியம்.

சக்கரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் எண்ணெய் தடவிய ஒரு அட்டைத் துண்டை வைத்தார்கள். இரண்டு காரணம். பசை வழிந்து பெட்டிக்குள் போனால் மோட்டாரே சிக்கிக்கொள்ளும். பெட்டியோடு சக்கரம் உரசாமல் இருக்க அந்த அட்டை கன இடைவெளியும் வேண்டும். அதற்காக ரொம்பத் தள்ளியும் மாட்டக்கூடாது. சக்கரம் வெளியே தள்ளிப் போனால் வண்டியின் பாரம் தண்டை வளைக்கும்.

முனையில் தாத்தாவின் "கடையாணி"யையும் மறக்கவில்லை. அந்தச் சின்ன ஸ்குருவை மறுபடி போட்டார்கள். இறுகும் வரை மட்டும் முடுக்கினார்கள். பிளாஸ்டிக் தண்டு, மிதமிஞ்சி முடுக்கினால் பிளந்துவிடும்.

பிறகு காலைவரை யாரும் அதைத் தொடவில்லை. மகள்தான் இரண்டு முறை எழுந்து பார்த்தாள்.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. வேறு வழி இருக்கும்போது பசையை நாட வேண்டாம். ஒட்டிவிட்டால் கழற்ற முடியாது. மோட்டார் கெட்டால் சக்கரமும் போகும். உடனே ஒட்டும் சொட்டுப் பசை இன்னும் மோசம். தண்ணீர் போல் ஓடித் தண்டு வழியாக உள்ளே இறங்கும். அதிர்ச்சி பட்டால் உடையும்.

இரும்புத் தண்டுக்கு

கொஞ்சம் பெரிய ரோபோக்களில் இரும்புத் தண்டு மோட்டார் போடுவார்கள். தண்டு பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் இருக்கும். அதற்கான சக்கரத்தின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை. அதில் தலை இல்லாத ஸ்குரு ஒன்று இருக்கும். கிரப் ஸ்குரு என்பார்கள். எல் கீ என்ற வளைந்த கம்பியால் அதை முடுக்க வேண்டும். அது தண்டின்மேல் குத்தி நிற்கும். தையல் மெஷின் மோட்டாரின் புல்லியிலும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தண்டின் ஒரு பக்கம் பட்டையாக இருந்தால் ஸ்குரு அந்தப் பட்டையின்மேல்தான் உட்கார வேண்டும். உருண்டைப் பக்கத்தில் முடுக்கினால் முதலில் இறுகிய மாதிரி இருக்கும். பாரம் ஏறியதும் வழுக்கும். வழுக்கும்போது தண்டைக் கீறும். கீறலில் பிசிர் எழும்பும். பிறகு சக்கரத்தைக் கழற்றவும் வராது.

தண்டு முழு உருண்டையாக இருந்தால் அரத்தால் ஒரு பக்கம் லேசாகச் சீவலாம். சீவும் முன் மோட்டாரைத் துணியால் நன்றாகச் சுற்றிவிட வேண்டும். உள்ளே காந்தம் இருக்கிறது. இரும்புத் தூளை அது சும்மா விடாது.

ஓடும்போது அதிர்வில் ஸ்குரு தளரும். மரையில் ஒரு சொட்டு நகப்பூச்சு விட்டு முடுக்கினால் தளர்வது குறையும். வேண்டும்போது கழற்றவும் முடியும். மோட்டாரை ஓட்டும் முன் எல் கீயை எடுத்துவிட்டோமா என்று பார்க்க வேண்டும். சுற்றும் தண்டில் மாட்டிய கம்பி கண்ணைக் குறிவைத்துத்தான் பறக்கும். துப்பட்டாவையும் பின்னலையும் கூடத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

காசே இல்லாமல் ஒரு பிடி

இதற்கெல்லாம் காசு இல்லை என்றால்? புனேயிலேயே அதற்கு ஒரு வழிகாட்டி இருந்தார். அவர் பெயர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த என்ஜினியர். குப்பையில் போகும் பொருள்களில் இருந்து அறிவியல் பொம்மைகள் செய்வதில் அவர் பெயர் பெற்றவர். புனே பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள வானியல் மையத்தின் குழந்தைகள் அறிவியல் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வ் டியூபால் இணைத்து முக்கோணம், சதுரம், வீடு என்று கட்டிக் காட்டியவர் அவர்.

அந்த வால்வ் டியூப் மெல்லிய ரப்பர் குழாய். சைக்கிள் கடையில் கேட்டால் கிடைக்கும். பொம்மை மோட்டாரின் மெல்லிய தண்டுக்கு அது நல்ல சட்டை. விரல் அகல நீளம் வெட்டித் தண்டின்மேல் ஏற்றுங்கள். பழைய ரப்பர் செருப்பில் இருந்து வட்டமாக ஒரு சக்கரம் வெட்டுங்கள். நடுவில் சிறிய துளை போட்டு, டியூபின்மேல் நெருக்கித் தள்ளுங்கள். ரப்பரும் ரப்பரும் ஒன்றையொன்று கவ்வும். பெரிய பாரம் தாங்காது. குழந்தைகள் விளையாட்டு வண்டிக்குத் தாராளம்.

காலையில்

விடிந்ததும் மகள் வண்டியை எடுத்தாள். அப்பா அவளிடம் ஒரு பேனாவைக் கொடுத்தார். தண்டின் முனையில் இருந்து சக்கரம்வரை நேராக ஒரு கோடு போடச் சொன்னார். இரண்டு பக்கமும் போட்டாள்.

இது ஆலைகளில் செய்கிற வேலை. முடுக்கிய நட்டின்மேல் பெயிண்டால் கோடு இழுத்து வைப்பார்கள். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. கோடு உடைந்து தெரிந்தால் தளர்ந்துவிட்டது. தொட்டுப் பார்க்கவே வேண்டாம். சக்கரத்திலும் அப்படித்தான். ஓட்டிய பிறகு தண்டில் உள்ள கோடும் சக்கரத்தில் உள்ள கோடும் விலகி இருந்தால் வழுக்கியிருக்கிறது என்று பொருள். முதல் நாளே இந்தக் கோட்டைப் போட்டிருந்தால் பேட்டரிக் காசு மிஞ்சியிருக்கும்.

வண்டி கிளம்பியது. வாசல் வரை நேராகப் போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"நிலாவுல ஒரு வண்டி போச்சே, அதுக்கும் இப்படித்தானா?" என்று கேட்டார் தாத்தா.

அவர் சொன்னது பிரக்யான் வண்டியை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதற்குள் இருந்து பிரக்யான் வெளியே உருண்டு வந்தது. எடை 26 கிலோ. ஆறு சக்கரம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார். ஒரு வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற வேகத்தில் ஊர்ந்தது. நூறு மீட்டருக்கு மேல் போனது. அங்கே சக்கரம் வழுக்கினால் ஸ்குருவை முடுக்க ஆள் கிடையாது. அந்தத் திட்டத்துக்கு இயக்குநராக இருந்த வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்.

"விழுப்புரமா? நம்ம பக்கம்தான்" என்றார் தாத்தா. சொல்லிக்கொண்டே வண்டியைத் தூக்கிக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"கோடு அப்படியே இருக்கு கண்ணு. எடுத்துக்கிட்டுக் கிளம்பு, நேரமாச்சு."